ஸ்டார்ட் ஆகாத மொபெட்

ஓசூரில் உருவாகி 1980-இல் சந்தைக்கு வந்த டிவிஎஸ் 50 போன்ற டூ-ஸ்ட்ரோக் மொபெட் ஓட பெட்ரோல், தீப்பொறி, அழுத்தம் மூன்றும் வேண்டும். எது இல்லை என்று தெரியாமல் கார்புரேட்டரைப் பிரிப்பது வீண் வேலை.

முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற வேண்டும். முனை நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, ஆனால் எரியவில்லை. காய்ந்திருந்தால் பெட்ரோலே வந்து சேரவில்லை. ஆயில் கூடுதலாகக் கலந்த வண்டிகளில் முனையில் கரி அப்பி, பொறி விழாமல் போவது சகஜம். துடைத்து, இடைவெளியை 0.6 மி.மீ. அளவில் வைத்தாலே பல வண்டிகள் கிளம்பிவிடும்.

அடுத்து, பிளக்கை அதன் மூடியில் செருகி, உலோகப் பகுதி என்ஜினைத் தொடும்படி வைத்துப் பெடலை மிதிக்க வேண்டும். பிளக் துளைக்கு அருகில் மட்டும் வைக்கவே கூடாது. அங்கிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். பளிச்சென்று நீலப் பொறி தெரியாவிட்டால் புது பிளக், பிறகு வயர், காயில்.

பொறி இருந்தும் பிளக் காய்ந்தே இருந்தால் டேங்க் மூடியின் காற்றுத் துளை, பெட்ரோல் டேப், கார்புரேட்டர் என்று மேலிருந்து கீழாகப் பார்க்கலாம். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பெரும்பாலும் கார்புரேட்டரின் ஜெட் துளைதான் அடைத்திருக்கும். மெல்லிய செம்புக் கம்பியும் காற்றும் போதும், ஊசியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும்.

இரண்டும் சரியென்றால், சாவியை அணைத்து, பிளக் துளையைக் கட்டைவிரலால் அழுத்தி மூடி மிதிக்க வேண்டும். காற்று விரலைத் தள்ளாவிட்டால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அது மெக்கானிக் வேலை.