சாவி திரும்பினால் பூட்டியதாகுமா?



தராசு, எடைக்கல், கல்லாப்பெட்டி என்று கடையில் உள்ள எல்லாவற்றையும் நாம் தினமும் கவனிக்கிறோம். ஆனால் இரவு முழுவதும் நமக்காகக் காவல் நிற்கும் ஷட்டர் பூட்டைக் கெட்டுப்போகும் வரை நினைத்துப் பார்ப்பதில்லை. ஆயுத பூஜையன்று ஒரு பொட்டு சந்தனம் வைப்பதோடு சரி. அந்த அலட்சியத்தால் நான் பணத்தை இழந்தேன். அதைவிடப் பெரிய ஒன்றையும் இழந்தேன். நம் சங்கத்து இளைய வணிகர்களுக்குப் பயன்படும் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லை வகுக்கப்பட்டதே தவிர, வியாபாரம் பிரியவில்லை. இன்றும் நகரி, புத்தூர்ப் பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர்கள் நம்மிடம் சரக்கு எடுக்கிறார்கள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் நம் கடைகளில் வேலை பார்க்கிறார்கள். என் மொத்த மளிகைக் கடையிலும் நகரிப் பக்கத்துப் பையன் ஒருவன் நான்கு ஆண்டுகள் இருந்தான். வீட்டில் பேசுவது தெலுங்கு, கடையில் பேசுவது தமிழ். கணக்கில் ஒரு ரூபாய் பிசகாது.

1998 டிசம்பர் 31. நம் ஊரில் அன்று இரவு படித் திருவிழா என்பது உங்களுக்குத் தெரியும். மலையின் 365 படிகளுக்கும் பூஜை நடக்கும். ஊரே விழித்திருக்கும். கற்பூரம், வெல்லம், அரிசி என்று வியாபாரம் இரவு பதினொரு மணி வரை ஓடியது. அதன்பின் பையன் ஷட்டரை இறக்கிப் பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்தான். எல்லோரும் மலையேறிப் போனோம்.

மறுநாள் காலை நானே கடையைத் திறந்தேன். சாவி வழக்கம்போலத் திரும்பியது. ஷட்டர் வழக்கம்போல ஏறியது. கல்லாவில் மட்டும் பணம் இல்லை. இருபத்து மூவாயிரத்துச் சொச்சம் போய்விட்டது. பூட்டில் கீறல் இல்லை, ஷட்டரில் நெளிவு இல்லை. பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "சாவி இருந்தவன் வேலை."

"ரெண்டு சுத்து திருப்பினேன் முதலாளி. சாமி சத்தியமா" என்றான் அவன். நான் பதில் சொல்லவில்லை. நாலு பேர் முன்னிலையில் அந்த மௌனம் போதுமானதாக இருந்தது. அன்று மாலையே துணிப்பையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான்.

எட்டாம் நாள் இரவு நானே பூட்டினேன். இரண்டு சுற்று திருப்பிச் சாவியை உருவினேன். கையிலிருந்த பை கீழே விழுந்தது. குனிந்து எடுத்து, எழுந்திருக்க ஊன்றுகோலாக ஷட்டர் கைப்பிடியைப் பிடித்தேன். என் கையோடு ஷட்டரும் மேலே வந்தது.

மறுநாள் ஷட்டர் பட்டறைக்காரர் பூட்டைக் கழற்றிக் காட்டினார். நடுப் பூட்டில் சாவியைத் திருப்பினால் இரண்டு கம்பிகள் இடமும் வலமும் நீண்டு, பக்கச் சட்டத்தின் ஓட்டைகளில் நுழைய வேண்டும். பூட்டையும் கம்பிகளையும் இணைக்கும் சிறிய ஆணி தேய்ந்திருந்தது. சில நாள் கம்பி முழுதாகப் போகும். சில நாள் சாவி மட்டும் சுற்றும், கம்பி கால் அங்குலம் நகர்ந்து நின்றுவிடும். சத்தமும் சாவியின் அழுத்தமும் ஏறக்குறைய ஒன்றே. பையன் சொன்னது உண்மை. அவன் இரண்டு சுற்று திருப்பித்தான் இருந்தான். கடை மட்டும் பூட்டப்படவில்லை.

அந்த அனுபவத்துக்குப் பிறகு இத்தனை ஆண்டுகளில் பூட்டுக் கோளாறுகளைப் பற்றி நான் அறிந்துகொண்டதை வரிசையாகத் தருகிறேன்.

1. சாவி சுற்றுகிறது, பூட்டு விழவில்லை

இதுவே மிகவும் ஆபத்தானது, ஏனெனில் வெளியே தெரியாது. இணைப்பு ஆணி தேய்ந்திருக்கலாம். கம்பி வளைந்திருக்கலாம். பூட்டைத் தகட்டோடு பிடித்திருக்கும் திருகாணிகள் தளர்ந்திருக்கலாம். கண்டுபிடிப்பது எளிது. ஷட்டரை இறக்கி, ஒருவர் உள்ளே விளக்கோடு நிற்கட்டும், மற்றவர் வெளியிலிருந்து பூட்டட்டும். இரு கம்பிகளும் சம அளவு நீளுகின்றனவா, ஓட்டையைத் தாண்டி நன்றாக உள்ளே போகின்றனவா என்று பார்க்க வேண்டும். முழுதாகப் பூட்டிய நிலையில் கம்பியில் ஒரு சுண்ணக்கட்டிக் கோடு போட்டு வையுங்கள். அடுத்த முறை கோடு அந்த இடத்துக்கு வரவில்லையென்றால் கோளாறு தொடங்கிவிட்டது என்று பொருள். ஒரு முறை மட்டும் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். பத்து முறை பூட்டித் திறந்து பாருங்கள். என் பூட்டு பத்தில் எட்டு முறை ஒழுங்காகத்தான் வேலை செய்தது.

2. சாவி பாதியில் நிற்கிறது

பெரும்பாலும் இது பூட்டின் குற்றமல்ல. ஷட்டர் முழுதாக இறங்கவில்லை என்பதே காரணம். வாசற்படியில் சிந்திய அரிசி, ஒட்டிய வெல்லப்பாகு, சாக்குத் துணுக்கு எதுவானாலும் ஷட்டரைச் சிறிது தூக்கி நிறுத்தும். கம்பி ஓட்டைக்கு நேராக வராமல் சட்டத்தில் முட்டும். அடிப்பட்டையைக் காலால் மெதுவாக அழுத்திக்கொண்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். திரும்பினால் பூட்டு நலம், படிதான் அழுக்கு. துடைத்தும் சரியாகவில்லையென்றால், சரக்கு வண்டி இடித்துப் பக்கச் சட்டம் நெளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. நம் ஊர்க் கோடை எப்படிப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பத்தடி அகல இரும்பு ஷட்டர் முப்பது டிகிரி கூடுதலாகச் சூடேறினால் அகலத்தில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளும். ஏற்கெனவே இறுக்கமாக இருக்கும் பூட்டு மதியத்தில் மாட்டிக்கொள்வதற்கும் இரவில் சரியாவதற்கும் இது ஒரு காரணம்.

3. சாவி நுழையவே மறுக்கிறது

இங்கேதான் மளிகைக்காரர்களாகிய நாம் செய்யும் தவறு. கைக்கு எட்டும் கடலெண்ணெயையோ தேங்காயெண்ணெயையோ ஊற்றுகிறோம். அன்றைக்குச் சாவி வழுக்கிக்கொண்டு போகும். நாளடைவில் அந்த எண்ணெய் பிசினாகி, காற்றில் பறக்கும் மாவையும் மிளகாய்த் தூளையும் பிடித்துவைத்துக்கொள்ளும். சமையல் எண்ணெய் சமையலுக்கே. பூட்டின் உள்ளே அழுக்கு இருந்தால் பட்டறைக்காரரிடம் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக உலரவிட வேண்டும். பிறகு சாவித் துளையில் கிராபைட் தூள் இட்டால் போதும். கிடைக்காவிட்டால் பென்சில் முனையைச் சுரண்டிய தூளும் உதவும். வெளிக் கம்பிகளுக்கு மட்டும் தையல் மெஷின் எண்ணெய் ஓரிரு சொட்டு.

இன்னொன்று உப்பு. உப்பை யார் திருடப் போகிறார்கள் என்று ஷட்டரை ஒட்டியே மூட்டையை வைப்பது நம் வழக்கம். உப்பு ஈரத்தை இழுக்கும். அந்த ஈரம் பக்கச் சட்டத்தையும் கம்பியையும் அரிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சொல்லவே வேண்டாம். மூட்டையை நாலடி தள்ளி வையுங்கள்.

4. மாற்றுச் சாவி சரியாகச் சேரவில்லை

நெம்பு வகைப் பூட்டுக்குள் சிறு தகடுகள் அடுக்காக இருக்கும். சாவியின் ஒவ்வொரு பல்லும் தனக்குரிய தகட்டைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் பூட்டு நகரும். பல் தேய்ந்தால் தகடு முழுதாக உயராது. தேய்ந்த சாவியைக் காட்டி நகல் எடுத்தால் தேய்மானத்துக்கும் சேர்த்தே நகல் எடுக்கிறோம். பூட்டு வாங்கிய அன்றே ஒரு மூலச் சாவியைப் பயன்படுத்தாமல் வீட்டில் பத்திரப்படுத்துங்கள். நகல் எடுப்பதானால் அதிலிருந்தே எடுங்கள்.

செய்யக் கூடாதவை இரண்டு

மாட்டிக்கொண்ட பூட்டை எடைக்கல்லால் தட்டாதீர்கள். பூட்டும் கெடும், முத்திரை போட்ட எடைக்கல்லும் கெடும். ஷட்டர் கனமாகிவிட்டது, அல்லது ஒரு பக்கம் சாய்கிறது என்றால் மேலே உள்ள ஸ்பிரிங்கை நீங்களோ பையன்களோ தொட வேண்டாம். ஷட்டரின் பாரத்தையே தாங்கும் விசை அதில் முறுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அவிழ்ந்தால் கையை முறித்துவிடும். அதற்கென்று தொழில் தெரிந்தவர் இருக்கிறார்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று இருக்கலாமா?

எனக்கும் இருந்தது. ஆனால் கடைத் திருட்டுக்கான பாலிசிகளில் பொதுவாக, பலவந்தமாக உடைத்து நுழைந்திருந்தால்தான் இழப்பீடு என்று நிபந்தனை இருக்கும். உடைத்த அடையாளமே இல்லாத என் கோரிக்கை எடுபடவில்லை. உங்கள் பாலிசியை எடுத்து அந்த வரியை ஒருமுறை படித்துப் பாருங்கள். சரியாக விழாத பூட்டு திருடனுக்கு வழிவிடுவதோடு, இழப்பீட்டுக்கும் வழியை அடைத்துவிடும்.

ஆகவே நடுப் பூட்டு ஒன்றையே நம்பாமல், இரு பக்கமும் கொண்டி வைத்துத் தொங்கு பூட்டும் போடுங்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு நம் மாநிலத்திலேயே இருக்கிறது. கேமரா வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். கேமரா திருடனைக் காட்டும், பூட்டுதான் தடுக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரே ஒரு பழக்கம். சாவியை உருவிய பிறகு, ஷட்டரின் இடது ஓரத்தில் ஒரு முறை, வலது ஓரத்தில் ஒரு முறை தூக்கிப் பாருங்கள். ஐந்து விநாடி வேலை. அசையாமல் நின்றால்தான் கடை பூட்டியது. மாதந்தோறும் அமாவாசையன்று கடைக்குப் பூசணிக்காய் சுற்றுகிறோம். அதே நாளில் கம்பிக் கோட்டையும் பார்த்துவிட்டால் மறதிக்கு இடமில்லை.

பையனைப் பற்றிச் சொல்ல மறக்கவில்லை. பூட்டைக் கழற்றிய அன்றே, அவனுக்குச் சேர வேண்டிய சம்பளத்தோடு நகரிப் பக்கம் போனேன். தேய்ந்த ஆணியையும் ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துப் போனேன். அவன் தாயார் தண்ணீர் கொடுத்தார். அவன் ஆணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "நாலு பேர் எதிர்ல சொன்னீங்க முதலாளி. இத அந்த நாலு பேர்கிட்டயும் காட்டுங்க" என்றான். சம்பளத்தை எண்ணி வாங்கிக்கொண்டான். வேலைக்குத் திரும்பி வரவில்லை.

திரும்பியதும் அந்த நாலு பேரையும் கடைக்கு அழைத்து ஆணியைக் காட்டினேன். அது இன்றும் என் கல்லாவில் இருக்கிறது. புதிதாக வேலைக்கு வரும் பையனிடம் சாவியைக் கொடுக்கும் முன், அதை அவன் உள்ளங்கையில் வைத்து இந்தக் கதையைச் சொல்கிறேன். இன்று முதல் இரவு கடை பூட்டும்போது ஒரு கணம் நின்று ஷட்டரைத் தூக்கிப் பாருங்கள். உங்கள் பணத்துக்காக மட்டுமல்ல, உங்களிடம் சாவி வாங்கியவனின் மானத்துக்காகவும்.