நாற்பதின் வாயிலில் ஒரு கணக்கு



உங்கள் வயது என்ன என்று எவரேனும் வினவினால், நீங்கள் உடனே ஓர் எண்ணைக் கூறிவிடுகிறீர்கள். அது எந்த நாட்காட்டியின் எண் என்று சிந்தித்ததுண்டா? ஹிஜ்ரி ஆண்டுக்கு ஏறத்தாழ 354 நாட்களே. ஆங்கில ஆண்டைக் காட்டிலும் அது பதினொரு நாள் குறைவு. எனவே பிறைக் கணக்கில் ஒருவர் நாற்பதை எட்டும்பொழுது, சுவரில் தொங்கும் நாட்காட்டி அவருக்கு 38 வயதும் சுமார் பத்து மாதமும் என்றே கூறும். நாற்பது வரட்டும் என்று நாம் காத்திருக்கையில், அது ஓசையின்றி வந்து அமர்ந்து ஓராண்டுக்கும் மேலாகியிருக்கும்.

என் நிலையோ இன்னும் வேடிக்கையானது. பள்ளிச் சான்றிதழில் என் பிறந்த நாள் ஜூன் முதல் தேதி. சேர்க்கையன்று, வயதுக்குப் பொருத்தமாக ஆசிரியர் தாமே எழுதிக்கொண்ட தேதி அது. உம்மாவைக் கேட்டால், "நீ நோன்பு மாசத்துலதான் பொறந்தே வாப்பா" என்கிறார். உங்கள் வீட்டிலும் இவ்வாறு இரண்டு பிறந்த நாள் உடையவர்கள் இருக்கக் கூடும். பிறந்த நாள் விழா நம் இல்லங்களில் பெரும்பாலும் வழக்கமில்லை. ஆகவே தேதி பிழையாயினும் நட்டமில்லை என்றே இருந்துவிட்டேன். ஆனால் விழா வேண்டாம் என்பதற்காகக் கணக்கும் வேண்டாம் என்றாகிவிடுமா?

திருக்குர்ஆன் பெயர் கூறிச் சுட்டும் வயதல்லவா நாற்பது! அல்அஹ்காஃப் அத்தியாயத்தின் 15ஆம் வசனத்தை ஓதிப் பாருங்கள். அவ்வயதை எட்டியவனின் இறைஞ்சுதலில் பெற்றோர் வருகின்றனர், அவன் வருகிறான், அவன் சந்ததியும் வருகிறது. முன்னும் பின்னும் உள்ள இரு தலைமுறைகளுக்கு நடுவே நிற்பவனின் குரல் அது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 450இல் பிறந்தவர்கள். 488இல், பக்தாத் நிஜாமிய்யா கலாசாலையில் புகழின் உச்சியில் இருந்தபொழுது, தம் வாழ்வைத் தாமே எடை போட்டுப் பார்த்தார்கள். வகுப்பில் பாடம் நடத்த இயலாமல் அவர்களுடைய நா கட்டுண்டு போயிற்று. இறுதியில் பதவியைத் துறந்து ஊரை விட்டே வெளியேறினார்கள். அப்பொழுது வயது 38. பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் எளியவனான எனக்கு, அந்த நா கட்டுண்ட செய்தியைப் படிக்குந்தோறும் உடல் சிலிர்க்கும். இஹ்யா நூலின் நாற்பது பகுதிகளுள் 38ஆவது பகுதி சுயக் கணக்கைப் பற்றியது. அதில் நஃப்ஸை ஒரு வியாபாரக் கூட்டாளியாகவே இமாமவர்கள் உருவகிக்கிறார்கள். காலையில் அதனுடன் ஒப்பந்தம், பகலில் கண்காணிப்பு, மாலையில் ஐந்தொகை. கப்பல் வணிகம் கண்ட பரங்கிப்பேட்டைவாசிகளாகிய எங்களுக்கு இதனை எவரும் விளக்க வேண்டியதில்லை!

நானும் ஏழு நாட்கள் ஒரு குறிப்பேட்டில் என் நேரத்தை எழுதி வந்தேன். தொழுகை, மக்தப், சிதம்பரத்துக்குச் சென்று திரும்பும் பேருந்து, கடைத்தெரு, உறக்கம். எல்லாம் எதிர்பார்த்தபடியே இருந்தன. இஷாவுக்குப் பிந்திய நேரந்தான் என்னை நாணச் செய்தது. கைப்பேசியில் நாளொன்றுக்கு இரண்டரை மணி! ஓராண்டுக்குப் பெருக்கிப் பாருங்கள்: 912 மணி நேரம். அதாவது இரவும் பகலும் சேர்ந்த 38 முழு நாட்கள். நீங்களும் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். பிறரிடம் காட்ட வேண்டியதில்லை.

பொழுதுபோக்கே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியதை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. பயின்ற காலத்தில் நான் பந்தாடியவன். வெள்ளாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் மணிக்கணக்கில் பறவைகளைப் பார்த்து நின்றவன். அவையெல்லாம் எப்போது நின்றன? நிறுத்தியதாக நினைவே இல்லை. "பிறகு பார்ப்போம்" என்றேன்; அவ்வளவுதான்.

அந்தப் "பிறகு" என்னும் சொல்லின் விலையை அறிய, இருநூறு ஆண்டுகளுக்கு முன் சென்னையில் கலெக்டராக இருந்த பிரான்சிஸ் வைட் எல்லிசை நினைத்துப் பார்க்கலாம். 1777இல் பிறந்த அவர், அலுவல் போக எஞ்சிய பொழுதையெல்லாம் தமிழுக்கே செலவிட்டார். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே குடும்பம் என்பதைக் கால்டுவெல்லுக்கு நாற்பது ஆண்டுகள் முன்னரே, 1816இல், ஒரு தெலுங்கு இலக்கணத்தின் முன்னுரையில் எடுத்துக் காட்டினார். எனினும் தம் ஆய்வுகளைத் தொகுத்துப் பதிப்பிக்க நாற்பது வயது நிறையட்டும் என்று தீர்மானித்திருந்தார். நாற்பது நிறைந்தது. 1819இல், இராமநாதபுரத்தில், தவறுதலாக நஞ்சை உட்கொண்டு மாண்டார். அவர் விட்டுச்சென்ற காகிதங்களுள் பெரும்பகுதி மதுரையில் ஒரு சமையற்காரர் அடுப்பு மூட்டப் பயன்பட்டது என்று பின்னாளில் சர் வால்டர் எலியட் எழுதினார்.

இதனைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எங்கள் வீட்டு மரப்பெட்டி நினைவுக்கு வந்தது.

அப்பெட்டியில் என் பாட்டியாரின் கையேடு ஒன்று கிடக்கிறது. அரபுத்தமிழில் எழுதியது. அரபியில் இல்லாத ட, ப, ஞ, ள போன்ற தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டி நம் முன்னோர் வகுத்த எழுத்துமுறை அது. கீழக்கரையின் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் 19ஆம் நூற்றாண்டில் இயற்றிய 'ஃபத்ஹுத் தய்யான்' போன்ற நூல்களை, தமிழெழுத்தே அறியாத பெண்களும் இல்லத்திலிருந்தபடி சரளமாகப் படித்தார்கள். அவர்களைப் படிப்பறிவற்றவர்கள் என்று கணக்கெடுப்பில் எழுதியிருந்தால் அது எத்தகைய அநீதி! என் பாட்டியார் துஆக்களையும், கைவைத்தியத்தையும், கொடுக்கல் வாங்கலையும், குடும்பத்தில் பிறந்தவர் இறந்தவர் நாட்களையும் அதில் எழுதி வைத்தார். "ஒரு நாள் வந்து உக்காரு, வாசிச்சுக் காட்டுறேன்" என்று பலமுறை அழைத்தார். பிறகு வருகிறேன் என்றேன். அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளாகின்றன.

இப்பொழுது இஷாவுக்குப் பின் கைப்பேசியை அலமாரியில் வைத்துவிட்டு, அக்கையேட்டைத் தமிழெழுத்தில் பெயர்த்தெழுதி வருகிறேன். கடற்காற்றின் உப்பு மையை வெளிறச் செய்திருக்கிறது. ஓரங்களைக் கரையான் அரித்திருக்கிறது. அரபி அறிந்தவன் என்னும் என் செருக்கு முதல் பக்கத்திலேயே உடைந்தது. அவசரத்தில் பாட்டியார் உயிர்க்குறிகளை விட்டுவிட்ட இடங்களில் மெய்யெழுத்துகள் மட்டுமே எஞ்சி நிற்கின்றன. சென்ற வாரம் இருமல் மருந்துக் குறிப்பில் ஒரு சொல் மூன்று நாட்கள் என்னை அலைக்கழித்தது. என் மகள்தான், "உம்மும்மாகிட்ட கேளுங்களேன்" என்றாள். எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒலித்துக் காட்டினேன். உம்மா சிரித்துவிட்டார்: "சித்தரத்தை, வாப்பா! இதுக்கா மூணு நாளு?"

அன்று முதல் எங்கள் மூவருக்கும் அதுவே இரவுப் பொழுதுபோக்கு. மகள் புள்ளிகளை எண்ணுகிறாள், நான் ஒலிக்கிறேன், உம்மா சொல்லைக் கண்டுபிடிக்கிறார். இதுவரை பதினெட்டுப் பக்கங்கள் ஆகியிருக்கின்றன. பிறப்புக் குறிப்புகள் பின்பக்கங்களில் உள்ளன. அங்கேதான் கரையான் மிகுதி. என் பிறந்த நாள் அதில் எஞ்சியிருக்கிறதா என்று முன்கூட்டியே புரட்டிப் பார்க்க உம்மா விடவில்லை. "வரிசையா வா" என்கிறார். இன்றிரவு பத்தொன்பதாவது பக்கம்.