திருடன் போய்விட்டான்; பயம் ஏன் போகவில்லை?

குடும்பத்தோடு ஈப்போ கல்லுமலைத் தைப்பூசத்துக்குப் போய்விட்டு இரவு வீடு திரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரில் கதவின் பூட்டு அறுபட்டிருக்கிறது. அலமாரித் துணிகள் தரையில் கிடக்கின்றன. பாட்டி பால்மரம் சீவிச் சேர்த்த காசில் வாங்கிய தோட்டைக் காணவில்லை.

போலீஸ் வந்து போனது. புதுப் பூட்டும் போட்டாகிவிட்டது. ஆனாலும் இரண்டு வாரம் கழித்துகூட, நாய் குரைத்தால் உங்களுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. அம்மா வீட்டை விட்டு வெளியே வர மறுக்கிறார். தம்பி தனியாகத் தூங்க மாட்டேன் என்கிறான்.

இது கோழைத்தனமா? இல்லை. மூளை தன் வேலையைச் செய்கிறது. அந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால், அதை அமைதிப்படுத்தும் வழியும் தெரியும்.

மூளைக்குள் ஒரு காவலாளி

மூளையின் ஆழத்தில், பாதாம் பருப்பு வடிவில் இரண்டு சிறு பகுதிகள் உள்ளன. அவற்றின் பெயர் அமிக்டலா. ஆபத்தை உணர்ந்து எச்சரிப்பதில் இவற்றுக்கு முக்கியப் பங்கு உண்டு. எச்சரிக்கை கிடைத்ததும், சிறுநீரகங்களின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் படபடக்கிறது, தசைகள் இறுகுகின்றன, ஓடவோ எதிர்க்கவோ உடல் தயாராகிறது.

துரத்திய நாய் போய்விட்டால் இந்தப் பரபரப்பு அடங்கிவிடும். வீடு புகுந்த திருட்டிலோ, 'ஆபத்து முடிந்தது' என்று மூளைக்கு உறுதியாகத் தெரிவதில்லை. வந்தது யார் என்று தெரியாது; மீண்டும் வருவானா என்றும் தெரியாது. நாம் இளைப்பாறும் இடமே ஆபத்து நடந்த இடமாகிவிட்டது. அதனால் பின்கதவு, இருட்டு, மோட்டார் சைக்கிள் சத்தம் எல்லாமே அபாய அறிகுறிகளாக மனத்தில் பதிந்துவிடுகின்றன.

துடைப்பத்தை எடுக்காதீர்கள்

பூட்டு உடைந்திருப்பதைப் பார்த்தால் உள்ளே போகாதீர்கள். திருடன் இன்னும் உள்ளேயே இருக்கலாம். தள்ளி நின்று 999-ஐ அழையுங்கள்.

போலீஸ் வந்து பார்க்கும் முன் வீட்டைக் கூட்டித் துடைக்க வேண்டாம். விரல் நுனி மேடுகளில் கசியும் வியர்வையும், தோலில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பசையும் தொட்ட இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ரேகையை விட்டுச் செல்கின்றன. தடயவியல் பிரிவினர் தூவும் மெல்லிய தூள் அந்த ஈரத்திலும் பசையிலும் ஒட்டி, ரேகையைக் காட்டிக்கொடுக்கும். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் அது அழிந்துவிடும்.

காத்திருக்கும் நேரத்தில், என்ன பார்த்தோம், என்ன காணவில்லை என்று ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதி வையுங்கள். எல்லாரும் கூடிப் பேசிய பிறகு எழுதினால், ஒருவர் சொன்னது இன்னொருவரின் நினைவில் கலந்துவிடும். பார்க்காததையும் பார்த்ததாக நம்பிவிடுவோம்.

போலீஸ் புகாரின் நகலைப் பத்திரப்படுத்துங்கள். மைகார்டு, வங்கி அட்டை போன்றவற்றுக்கு மாற்று வாங்கவும், காப்புறுதி இருந்தால் அதற்கும் அது உதவும்.

"நீதானே பூட்டவில்லை!"

திருட்டுக்குப் பிறகு பல வீடுகளில் சண்டை தொடங்குகிறது. பின்கதவைப் பூட்டாதது யார்? நகையை வீட்டில் வைக்கச் சொன்னது யார்?

1975-இல் பாருக் பிஷ்ஷாஃப் என்ற உளவியல் அறிஞர் ஓர் ஆய்வை வெளியிட்டார். 1814-இல் ஆங்கிலேயருக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த போரைப் பற்றிச் சிலரைப் படிக்கச் செய்தார். முடிவு இன்னது என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள், அந்த முடிவுக்குத்தான் வாய்ப்பு அதிகம் இருந்தது என்று மதிப்பிட்டார்கள். வேறு முடிவு சொல்லப்பட்டவர்கள் அந்த முடிவைப் பற்றி அப்படியே நினைத்தார்கள்!

நடந்து முடிந்த பிறகு எல்லாமே முன்பே தெரிந்திருக்க வேண்டியதாகத் தோன்றும். உங்கள் வீட்டுச் சண்டையும் இதே மயக்கம்தான். குற்றம் செய்தவன் பூட்டை உடைத்தவன். அம்மாவோ அண்ணனோ அல்ல.

பயம் அடங்கும் வழி

திருட்டு நடந்த அறையைப் பூட்டிவைத்து ஒதுங்கினால் அப்போதைக்கு நிம்மதி கிடைக்கும். ஆனால் 'இங்கே இப்போது ஆபத்தில்லை' என்று கற்றுக்கொள்ளும் வாய்ப்பு மூளைக்குக் கிடைக்காது. முதலில் பகலில், யாராவது ஒருவருடன் அந்த அறையில் உட்காருங்கள். பிறகு இரவில் விளக்கு வெளிச்சத்தில். பிறகு தனியாக. படிப்படியாகப் பழைய பயத்தின் மேல் புதிய பாடம் பதியும்.

படபடப்பு வந்தால் மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். அப்போது வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு குறையும். தம்பி நடந்ததைப் பேச விரும்பினால் பொறுமையாகக் கேளுங்கள், பேசாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். வற்புறுத்திப் பேச வைப்பது நன்மை செய்வதில்லை.

பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இந்தப் பயம் தணிந்துவிடும். ஒரு மாதம் கடந்தும் தூக்கமின்மை, கெட்ட கனவு, படிப்பில் கவனம் சிதறுவது எல்லாம் தொடர்ந்தால், பள்ளி ஆலோசக ஆசிரியரிடமோ அரசாங்கக் கிளினிக்கிலோ சொல்லுங்கள். மனநல உதவிக்கு 15555 என்ற எண்ணும் உண்டு. நம் பேராக்கில் 1911-இல் தொடங்கிய தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையின் பெயரைக் கேலிக்குப் பயன்படுத்தும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்தக் கேலிக்கு அஞ்சி உதவி கேட்காமல் இருந்துவிடாதீர்கள். கால் சுளுக்கினால் கிளினிக்குக்குப் போவதில்லையா?

கிர்க்கோல்ட் குடியிருப்பில் நடந்தது

'மீண்டும் வருவானா?' என்ற கேள்விக்கும் அறிவியல் பதில் தேடியது. இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் கிர்க்கோல்ட் என்ற குடியிருப்பு இருக்கிறது. அங்கே 2,000-க்கும் மேற்பட்ட வீடுகள்; திருட்டும் மிக அதிகம். 1980-களில் ஆய்வாளர்கள் அங்கே கணக்கெடுத்தபோது, ஒருமுறை திருடப்பட்ட வீட்டுக்கே மறுபடியும் ஆபத்து அதிகம் என்று தெரிந்தது. திருடனுக்கு வழி பழகிவிட்டது. போன பொருளுக்குப் பதில் புதுப்பொருள் வரும் என்பதும் தெரியும்.

ஆகவே எல்லா வீடுகளையும் ஒரே மாதிரி கவனிக்காமல், திருடப்பட்ட வீடுகளில் முயற்சியைக் குவித்தார்கள். உடைந்த பூட்டுகளை உடனே மாற்றினார்கள். காசு போட்டு மின்சாரமும் எரிவாயுவும் பெறும் மீட்டர்கள் திருடர்களை ஈர்த்ததால் அவற்றை அகற்றினார்கள். அந்த வீட்டைச் சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டாரிடம், 'ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்' என்று கேட்டுக்கொண்டார்கள். பட்டுப்புழுவைக் கூடு காப்பதுபோல் என்பதால், இந்த ஏற்பாட்டுக்கு 'கூடு' என்றே பெயர் வைத்தார்கள். 1986-87-இல் 526-ஆக இருந்த வீட்டுத் திருட்டு, 1989-90-இல் 132-ஆகக் குறைந்தது.

இந்தக் 'கூடு' நம் தாத்தா பாட்டிக்குப் புதிதல்ல. தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். புது ஆள் நுழைந்தால் நாலு பேர் விசாரிப்பார்கள். தோட்டத் துண்டாடலுக்குப் பிறகும், ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும், குடும்பங்கள் நகரத்துத் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தன. கிரில் கதவு வந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் மறந்துபோனது. நாட்டில் 1975-இல் தொடங்கிய ருக்குன் தெத்தாங்கா, அண்டை வீட்டாரை மறுபடியும் ஒன்றுசேர்க்கும் முயற்சிகளில் ஒன்று.

மாணவர்களே, உங்கள் தாமானில் யார் வீட்டிலாவது திருட்டு நடந்தால், வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பெற்றோருடன் போய்த் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். "வெளியே போகும்போது சொல்லுங்கள் ஆன்ட்டி, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லுங்கள். அடுத்த சில வாரங்களுக்கு அந்த வீட்டு வாசலில் ஒரு கண் இருக்கட்டும். அவர்களுக்கு அன்றிரவு கொஞ்சமாவது தூக்கம் வரும்.