இழவும் மரபும்: பெட்டிமுடித் துயர் பற்றியதொரு குறிப்பு

அழுகைக்குரிய நிலைக்களன் நான்கனுள் இழவையும் ஒன்றாகத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்ணினார். போடிமெட்டுச் சாலை சென்றடையும் மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில், 6-8-2020 இரவு நிகழ்ந்த நிலச்சரிவு தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் 70 பேரைக் கொண்டது. அவருள் நால்வர் உடல் கிடைத்திலது. மாண்டாருட் பலர் கயத்தாற்றைப் பூர்விகமாக உடையவர்.

2022 முதல் நடைமுறையிலுள்ள உலக நலவாழ்வு நிறுவனத்தின் 11ஆம் நோய்ப்பகுப்பு, நீடித்த துயரை நோயெனக் கொள்வதற்கு ஆறு திங்கள் கடத்தலோடு, அவரவர் பண்பாட்டு வழக்கினை அது விஞ்சுதலும் வேண்டும் என்கின்றது. அவ்வழக்கை அறியாதார் நோயை எங்ஙனம் துணிவர்? மருத்துவர்க்கு ஒப்பாரி தெரிதல் வேண்டுமோ எனின், வேண்டும் என்போம் யாம். மாண்டாரை முறைப்பெயர் சொல்லி விளிக்கும் அப்பாட்டை மனப்பிறழ்வின் பேச்சாகக் கொள்ளுதல் பெரும்பிழை. உடல் கிடைக்காத வீட்டில், உறக்கம் வருகின்றதா என்று கேட்குமுன், கருமாதி முடிந்ததா என வினவுதல் தகும்.