கைக்கடிகாரம் காட்டும் எண்களில் எவை நம்பத்தக்கவை?

உடல்நலத்தையும் உடற்பயிற்சியையும் கண்காணிப்பதற்கென விற்கப்படும் ஸ்மார்ட்வாட்ச் வகைக் கைக்கடிகாரங்களின் திரையில் நாடித்துடிப்பு, நடந்த அடிகள், செலவான கலோரி, உறங்கிய நேரம், இரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜன் எனப் பல எண்கள் வரிசையாகத் தோன்றுகின்றன. எல்லாம் ஒரே அளவு எழுத்தில், ஒரே தோரணையில் தெரிவதால், அவை அனைத்தும் ஒரே அளவுக்கு நம்பத்தக்கவை என்ற எண்ணம் வாங்குபவருக்கு ஏற்படுவது இயல்பு.

உண்மையில் இவற்றில் சில நேரடியாக அளக்கப்படுபவை. சில, அளந்தவற்றைக் கொண்டு கணக்கிடப்படுபவை. வேறு சில, ஊகத்துக்குச் சற்று மேலானவை மட்டுமே. தமக்குத் தேவையான எண் எது, அது எந்த வகையைச் சேர்ந்தது என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்பவருக்கு, விளம்பரங்களில் உள்ள பெரும்பாலான வசதிகள் தேவையற்றவை என்பது விரைவில் விளங்கிவிடும்.

பச்சை ஒளியும் நாடித்துடிப்பும்

கடிகாரத்தின் பின்புறத்தில் விட்டுவிட்டு ஒளிரும் பச்சை விளக்கே இந்தக் கருவிகளின் அடிப்படை. இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும் தன்மை கொண்டது. இருதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் மணிக்கட்டுத் தோலின் கீழுள்ள நுண்குழாய்களில் இரத்தத்தின் அளவு கூடுகிறது. அதனால் திரும்பி வரும் ஒளி குறைகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை ஓர் ஒளி உணரி எண்ணுகிறது. அதுவே நாடித்துடிப்பாகத் திரையில் வருகிறது.

உட்கார்ந்திருக்கும்போதும் உறங்கும்போதும் இந்த முறை நன்றாகவே செயல்படுகிறது. கை அசையத் தொடங்கியதும்தான் சிக்கல் எழுகிறது. தளர்வாகக் கட்டிய கடிகாரம் நகரும்போது வெளிச்சம் உள்ளே கசிகிறது. ஓடும்போது கைகள் சீரான தாளத்தில் வீசப்படுவதால், காலடியின் தாளத்தையே நாடித்துடிப்பு என்று கடிகாரம் தவறாக எடுத்துக்கொள்வதும் உண்டு. பளு தூக்கும்போது மணிக்கட்டுத் தசைகள் இறுகுவதாலும், கடுங்குளிரில் தோலுக்குச் செல்லும் இரத்தம் குறைவதாலும் அளவீடு பிசகுகிறது. நோர்வேயிலோ கனடாவிலோ பனிக்காலத்தில் ஓடச் செல்பவர்கள் இதை எதிர்பார்க்கலாம்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 60 பேரிடம் ஏழு கருவிகளைச் சோதித்து 2017ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஆறு கருவிகள் நாடித்துடிப்பை ஐந்து சதவீதத்துக்கும் குறைவான பிழையுடன் காட்டின. கலோரிக் கணக்கிலோ அவற்றுள் மிகத் துல்லியமான கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மிக மோசமான கருவி 93 சதவீதம் தவறியது. கருவிகள் அதன் பிறகு மேம்பட்டிருந்தாலும், அடிப்படைக் காரணம் மாறவில்லை. கலோரி அளக்கப்படுவதில்லை. நாடித்துடிப்பு, அசைவு, வயது, எடை, பாலினம் ஆகியவற்றைக் கொண்டு அது கணக்கிடப்படுகிறது. 400 கலோரி செலவானது என்று கடிகாரம் சொன்னதை நம்பி அதே அளவுக்கு இரவில் கூடுதலாக உண்பவரின் எடை குறையாமல் போனால், அதில் வியப்பில்லை.

தோலின் நிறம் அளவீட்டைப் பாதிக்குமா என்ற கேள்வி தமிழர்களுக்கு முக்கியமானது. கருமையான தோலில் உள்ள நிறமியும் பச்சை ஒளியை உறிஞ்சக்கூடியது. எனினும் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, நாடித்துடிப்பு அளவீட்டில் தோல் நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் காணவில்லை. கருவிக்குக் கருவி வேறுபாடு இருந்தது. ஓய்வு நிலையைவிட அசைவின்போது பிழை சராசரியாக 30 சதவீதம் அதிகமாக இருந்தது. மணிக்கட்டில் அடர்த்தியாகப் பச்சை குத்தியிருப்பவர்களுக்கு அளவீடு தடைபடக்கூடும் என்று தயாரிப்பு நிறுவனங்களே எச்சரிக்கின்றன.

தீவிரமாக ஓட்டப் பயிற்சி செய்பவர்களுக்கு மார்பில் அணியும் பட்டை இன்றும் சிறந்த வழி. அது ஒளியை நம்பாமல் இருதயத்தின் மின்துடிப்பையே உணர்கிறது. அந்தப் பட்டையுடன் இணையக்கூடிய கடிகாரமா என்று கேட்டு வாங்குவது நல்லது. எல்லாக் கடிகாரங்களும் இணைவதில்லை. மேலும், பல கடிகாரங்கள் 220இலிருந்து வயதைக் கழித்து உச்ச நாடித்துடிப்பைத் தீர்மானித்து, அதன்படி பயிற்சியின் கடுமையை வகைப்படுத்துகின்றன. இரத்த அழுத்தத்துக்காக பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை உண்பவரின் துடிப்பு அந்த அளவுக்கு உயரவே உயராது. அத்தகையவருக்கு இந்த வகைப்பாடு பொருந்தாது.

பத்தாயிரம் அடிகள்

அடிகளை எண்ணுவது, ஒப்பீட்டளவில் எளிதான, நம்பகமான வேலை. ஆனால் நாளொன்றுக்கு 10,000 அடிகள் என்ற இலக்கு மருத்துவ ஆய்விலிருந்து பிறந்ததல்ல. டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகளுக்கு அடுத்த ஆண்டான 1965இல், ஜப்பானிய நிறுவனம் ஒன்று தனது அடி எண்ணும் கருவிக்கு 'பத்தாயிரம் அடி மானி' என்று பொருள்படும் பெயரைச் சூட்டியது. அந்த வணிகப் பெயரே பின்னர் உலகளாவிய இலக்கானது. சராசரியாக 72 வயதுள்ள 16,741 அமெரிக்கப் பெண்களிடம் நடத்தப்பட்டு 2019ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே மரண விகிதம் குறைவாக இருந்தது. சுமார் 7,500 அடிகளுக்கு மேல் அந்தப் பலன் கூடவில்லை. முதியவர்களுக்குக் கடிகாரம் வாங்கித் தரும் பிள்ளைகள், அதில் உள்ள இலக்கை முதல் நாளிலேயே குறைத்து அமைப்பது உசிதம்.

ஈசிஜி: சொல்வதும் சொல்லாததும்

ஆப்பிள் நிறுவனத்தின் நான்காம் தலைமுறைக் கடிகாரத்தில் இடம்பெற்ற ஈசிஜி வசதிக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018 செப்டம்பரில் அனுமதி வழங்கியது. மறுகையின் விரலைக் கடிகாரத்தின் மீது சுமார் அரை நிமிடம் வைத்தால், இருதயத்தின் மின்னோட்டம் ஒரு கோடாகப் பதிவாகிறது. சாம்சங், ஃபிட்பிட் போன்ற நிறுவனங்களும் பின்னர் இத்தகைய அனுமதியைப் பெற்றன.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் ஒழுங்கற்ற இருதயத் துடிப்பைக் கண்டறிவதே இதன் நோக்கம். பக்கவாதத்துக்கான அபாயத்தைப் பல மடங்கு உயர்த்தும் இந்தக் கோளாறு, பலருக்கு எந்த அறிகுறியும் இன்றி வந்து போகிறது. எனவே இந்த வசதிக்கு மருத்துவப் பயன் உண்டு. அந்தப் பயன் யாருக்கு என்பதுதான் கேள்வி. 4,19,297 பேர் பங்கேற்று 2019 நவம்பரில் வெளியான ஸ்டான்ஃபோர்ட் ஆய்வில், துடிப்பு சீராக இல்லை என்ற எச்சரிக்கை 0.52 சதவீதத்தினருக்கே கிடைத்தது. நாற்பது வயதுக்குட்பட்டவர்களில் இது 0.16 சதவீதம், 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 3.1 சதவீதம். இருபத்தைந்து வயது இளைஞர் இந்த வசதிக்காகக் கூடுதல் பணம் செலவிடுவதற்குக் காரணம் அதிகம் இல்லை. அவருடைய தந்தைக்கு அது பொருந்தலாம்.

மாரடைப்பை இந்தக் கடிகாரங்களால் கண்டறிய முடியாது என்பதை நிறுவனங்களே தெளிவாக எழுதி வைத்துள்ளன. மருத்துவமனையில் பல மின்முனைகளைப் பொருத்தி, பன்னிரண்டு கோணங்களில் பார்க்கும் ஈசிஜிக்கு ஒரு கோணத்தில் மட்டும் பார்க்கும் கருவி ஈடாகாது. நெஞ்சு வலியுடன் இருப்பவர் கடிகாரத்தில் 'சீரான துடிப்பு' என்று வந்ததைக் கண்டு மருத்துவமனைக்குச் செல்லாமல் இருந்துவிடுவதே இதில் உள்ள பேராபத்து.

இரத்த அழுத்தமும் சர்க்கரையும்

தெற்காசிய வம்சாவளியினருக்கு நீரிழிவும் இருதய நோயும் பிற சமூகத்தினரைவிட இளம் வயதிலேயே ஏற்படுவது பல நாடுகளில் பதிவாகியுள்ளது. தமிழ்க் குடும்பங்கள் இந்தக் கருவிகளிடம் அதிகம் எதிர்பார்ப்பதும் இந்த இரண்டு அளவுகளையே. கடிகாரங்கள் மிகவும் பலவீனமாக இருப்பதும் இவற்றில்தான்.

விரலில் குத்தாமல் இரத்தச் சர்க்கரையை அளப்பதாகக் கூறும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தாம் அனுமதி வழங்கவில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் பகிரங்கமாக எச்சரித்தது. தவறான எண்ணை நம்பி இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர், சில மணி நேரத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறைந்து நினைவிழக்கக்கூடும் என்பதே அதன் காரணம். தோலின் கீழ் நுண்ணிய இழையைச் செலுத்தி அளக்கும் ஒட்டுக் கருவிகள் வேறு. அவை அங்கீகாரம் பெற்றவை, அவற்றின் எண்ணைக் கடிகாரம் திரையில் காட்டலாம். கடிகாரம் தானே அளக்கிறது என்று சொல்லி விற்கப்படுவதை வாங்கக்கூடாது.

இரத்த அழுத்தத்தின் நிலை சற்று வேறுபட்டது. ஓம்ரோன் நிறுவனத்தின் ஒரு கடிகாரமும் ஹுவாவெய் நிறுவனத்தின் ஒரு கடிகாரமும் பட்டையிலேயே காற்றுப்பை வைத்து, மருத்துவரின் கருவியைப் போல் அழுத்தி அளக்கின்றன. சாம்சங் கடிகாரம் ஒளியின் மூலம் கணிக்கிறது; ஆனால் 28 நாட்களுக்கு ஒரு முறை, கையில் கட்டும் சாதாரண இரத்த அழுத்தமானியுடன் ஒப்பிட்டு அதைச் சரிசெய்தாக வேண்டும். ஆப்பிள் நிறுவனம் 2025 செப்டம்பரில் அனுமதி பெற்ற வசதி எண் எதையும் காட்டாது. முப்பது நாள் தரவைப் பார்த்து, உயர் இரத்த அழுத்தம் இருக்கலாம் என்று அறிவிப்பதோடு அது நின்றுவிடும். அந்த நோய் உள்ள எல்லோரையும் அது கண்டுபிடித்துவிடாது என்று நிறுவனமே கூறுகிறது. எப்படியும் வீட்டில் ஓர் இரத்த அழுத்தமானி தேவைப்படுகிறது. கடிகாரத்தின் விலையில் சிறு பங்குக்கே அது கிடைக்கும் என்பதையும் மறந்துவிடலாகாது.

ஆக்ஸிஜன் அளவைப் பொறுத்தவரை தோல் நிறம் பற்றிய கவலைக்கு ஆதாரம் உண்டு. மருத்துவமனைகளில் விரலில் மாட்டும் கருவிகளே, வெள்ளையின நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஆக்ஸிஜன் குறைபாட்டை ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டதை 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. விரலைவிட மணிக்கட்டில் அளப்பது கடினம். மூச்சுத் திணறல் இருக்கும்போது கடிகாரத்தில் 97 என்று தெரிவது ஆறுதலுக்குரிய செய்தி ஆகாது.

உறக்கத்தின் மொத்த நேரத்தைக் கடிகாரங்கள் ஓரளவு சரியாகவே சொல்கின்றன. ஆழ்ந்த உறக்கம், கனவு உறக்கம் என்று பிரித்துக் காட்டுவது கணிப்பே. அதை உறுதியாக அறிய மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்ய வேண்டும். உறக்க மதிப்பெண்ணைப் பற்றிய கவலையாலேயே உறக்கம் கெடுபவர்களைக் கண்ட அமெரிக்க ஆய்வாளர்கள், 2017ஆம் ஆண்டில் அந்த நிலைக்கு 'ஆர்த்தோசோம்னியா' என்று பெயரிட்டனர்.

தொலைபேசி, நாடு, தரவு

ஆப்பிள் கடிகாரத்துக்கு ஐஃபோன் தேவை. சாம்சங்கின் அண்மைக்காலக் கடிகாரங்கள் ஆண்ட்ராய்டு தொலைபேசிகளுடன் மட்டுமே இயங்கும்; அவற்றின் ஈசிஜி வசதிக்கு சாம்சங் தொலைபேசியே வேண்டும். கார்மின் போன்றவை இரண்டுடனும் இயங்குவதோடு, பல மாதிரிகளில் ஒரு முறை மின்னேற்றினால் ஒரு வாரத்துக்கும் மேலாக நீடிக்கும். இரவில் மின்னேற்றியில் கிடக்கும் கடிகாரத்தால் உறக்கத்தை அளக்க முடியாது என்பதால் இது அற்ப விடயமல்ல. சில நிறுவனங்கள் விரிவான அறிக்கைகளுக்கு மாதச் சந்தா வசூலிக்கின்றன. அதையும் விலையுடன் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

சேகரிக்கப்படும் தரவு யாரிடம் போகிறது என்பதும் கேட்கப்பட வேண்டியது. உடற்பயிற்சிச் செயலியான ஸ்ட்ராவா வெளியிட்டிருந்த வரைபடத்தில் படைவீரர்கள் ஓடிய பாதைகள் பதிவாகி, இராணுவ முகாம்களின் அமைவிடங்கள் வெளிப்பட்டிருந்தது 2018 ஜனவரியில் தெரியவந்தது. ஃபிட்பிட்டை கூகுள் வாங்கியபோது, ஐரோப்பியப் பயனாளர்களின் உடல்நலத் தரவை விளம்பரத்துக்குப் பத்தாண்டுகளுக்குப் பயன்படுத்தக்கூடாது என்று ஐரோப்பிய ஆணையம் நிபந்தனை விதித்தது. அந்தப் பாதுகாப்பு எல்லா நாட்டவருக்கும் உரியதல்ல.

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வாங்கி அனுப்புபவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருத்துவ வசதிகள் நாடு வாரியாக அனுமதி பெறுபவை. லண்டனிலோ டொரொன்டோவிலோ இயங்கும் ஈசிஜி, பெற்றோர் வசிக்கும் நாட்டில் திறக்கப்படாமல் போகலாம். எந்தெந்த நாட்டில் எந்த வசதி உண்டு என்ற பட்டியலை நிறுவனங்கள் தமது இணையதளங்களில் வெளியிடுகின்றன. அடுத்து, இருதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் உடற்கொழுப்பை அளக்கும் வசதியைப் பயன்படுத்தக்கூடாது. அது உடலில் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்துவதால் இந்தக் கட்டுப்பாடு.

தனியே வசிக்கும் முதியவர்களுக்கு இவை எல்லாவற்றையும்விடப் பயன்படக்கூடியது, கீழே விழுந்ததை உணர்ந்து உதவிக்கு அழைக்கும் வசதி. ஆப்பிள் கடிகாரத்தில், வயது 55 அல்லது அதற்கு மேல் என்று பதிவு செய்தால் அது தானாகவே இயங்கத் தொடங்கும். பலமாக விழுந்தவர் சுமார் ஒரு நிமிடம் அசையாமல் கிடந்தால் அவசர உதவி எண்ணை அழைத்து, குறித்துவைத்த உறவினர்களுக்கும் தகவல் அனுப்பும். இதற்கு, தொலைபேசி அருகில் இருக்க வேண்டும், அல்லது கடிகாரத்துக்கே தனி இணைப்பு இருக்க வேண்டும். தொலைபேசியை வீட்டில் வைத்துவிட்டுக் கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ நடந்து செல்லும் வழக்கமுள்ளவருக்கு, விலை குறைந்த மாதிரி இந்த ஒரு காரியத்துக்கு உதவாது. தனி இணைப்புள்ள மாதிரியை வாங்குவதானால், அவர் வசிக்கும் ஊரின் தொலைபேசி நிறுவனம் அதற்கு இணைப்புத் தருகிறதா என்று முதலில் விசாரிக்க வேண்டும்.