எட்டாயிரம் பேர் பார்த்தார்களா? முகநூல் வணிகப் பக்கத்தின் எண்களைப் படிப்பது எப்படி

நம் பங்குகளில் வீட்டிலிருந்தபடியே சிறுதொழில் செய்யும் சகோதரிகள் இன்று ஏராளம். கேக் செய்து விற்பவர்கள், ரவிக்கை தைப்பவர்கள், ஊறுகாயும் பொடி வகைகளும் போடுபவர்கள், புதுநன்மைக்கு வெள்ளை உடை தைத்துக் கொடுப்பவர்கள் என்று ஒவ்வொரு அன்பியத்திலும் நாலைந்து பேராவது இருப்பார்கள். இவர்களில் பலர் முகநூலில் தங்கள் தொழிலுக்கென ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள். கடை வாடகை இல்லை, விளம்பரப் பலகைச் செலவு இல்லை. கையிலிருக்கும் செல்பேசியே கடைவாசல்.

இது மகிழ்ச்சிக்குரியதுதான். ஆனால் பக்கத்தைத் திறந்ததும் முகநூல் காட்டுகின்ற எண்கள் இவர்களைப் பெரிதும் அலைக்கழிக்கின்றன. "உங்கள் பதிவு 8,000 பேரைச் சென்றடைந்தது" என்று படித்துவிட்டு, கூடுதலாக மாவும் வெண்ணெயும் வாங்கி அடுக்குபவர்கள் உண்டு. போன மாதத்தைவிட லைக் குறைந்துவிட்டது என்று மனம் சோர்ந்து, தொழிலையே நிறுத்திவிடலாமா என்று யோசிப்பவர்களும் உண்டு. சுயஉதவிக் குழுவில் வாங்கிய கடனில் ஒரு பகுதி முகநூல் விளம்பரத்திற்குப் போவதும் நடக்கிறது. இவர்கள் எல்லாருக்குமே அந்த எண்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பதை யாராவது ஒருமுறை உட்கார்ந்து விளக்கியிருந்தால் போதும். அதைத்தான் இங்கே செய்ய முயல்கிறோம்.

முதலில் 'ரீச்' என்ற சொல்லைப் பார்ப்போம். தமிழில் சென்றடைவு எனலாம். ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் வெளியே வரும் வழியில் ஓர் அறிவிப்புப் பலகை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கடந்து 300 பேர் போகிறார்கள். அந்த 300 தான் ரீச். அதில் ஒருவர் காலைத் திருப்பலிக்கும் வந்து, மாலை நற்கருணை ஆசீருக்கும் வந்து, இரண்டு முறை பலகையைக் கடந்தால், ரீச் கணக்கில் அவர் ஒருவரே. ஆனால் பலகை கண்ணில் பட்ட தடவைகளை எண்ணினால் அவர் இரண்டு. இந்த இரண்டாவது கணக்கை நெடுநாள் 'இம்ப்ரெஷன்' என்று சொல்லி வந்தார்கள். 2024 முதல் மெட்டா நிறுவனம் தன் தளங்களில் அதற்குப் பதிலாக 'வியூஸ்' என்ற சொல்லை முன்னிறுத்தி வருகிறது. எனவே உங்கள் திரையில் 'வியூஸ்' 3,900 என்றும் ரீச் 2,400 என்றும் இருந்தால், பதிவு கண்ணில் பட்டது 2,400 பேருக்கு. சிலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தடவை. பெரிய எண்ணைப் பார்த்து "நாலாயிரம் பேர் பார்த்தார்கள்" என்று சொல்லிக்கொள்வதுதான் நம்மிடையே மிகவும் பரவலான தவறு.

பலகையைக் கடந்த 300 பேரும் அதைப் படித்தார்களா? இல்லை. சிலர் செருப்பைத் தேடிக்கொண்டு போயிருப்பார்கள், சிலர் குழந்தையைப் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள். முகநூலிலும் அப்படியே. விரலால் தள்ளிக்கொண்டே போகும்போது உங்கள் படம் திரையில் தோன்றி மறைந்தாலும் ரீச்சில் ஒன்று கூடிவிடும்.

இந்த எண்ணைக் கூட்டுவதில் முகநூலே தவறியிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2016 நவம்பரில் அந்த நிறுவனமே அதை வெளியிட்டது. பக்கங்களின் முகப்பில் 7 நாள் ரீச், 28 நாள் ரீச் என்று காட்டிய சுருக்கக் கணக்கில், ஒவ்வொரு நாளின் எண்ணையும் அப்படியே கூட்டிப் போட்டிருந்தார்கள். வாரம் முழுதும் தினம் வந்து பார்த்த ஒருவரை ஏழு பேராக எண்ணிவிட்டார்கள். ஒருவரை ஒருவராகவே எண்ணிச் சரிசெய்தால் 7 நாள் கணக்கு சராசரியாக 33 விழுக்காடும், 28 நாள் கணக்கு 55 விழுக்காடும் குறையும் என்று அவர்களே சொன்னார்கள். அந்தத் தவறு திருத்தப்பட்டுவிட்டது. ஆனால் அதே தவற்றை நாம் நோட்டுப் புத்தகத்தில் இன்னும் செய்துகொண்டிருக்கிறோம். திங்கள் 200, செவ்வாய் 180, புதன் 220, ஆக மூன்று நாளில் 600 பேர் என்று எழுதினால் அது சரியல்ல. மூன்று நாளும் பார்த்தவர்கள் அதே 220 பேராகக்கூட இருக்கலாம்.

அடுத்து, எல்லாரும் கேட்கும் கேள்விக்கு வருவோம். "என் பக்கத்தை 1,200 பேர் பின்தொடர்கிறார்கள், ஆனால் பதிவை 90 பேர்தானே பார்த்திருக்கிறார்கள்? ஏன்?"

பின்தொடர்பவர்கள் எல்லாருக்கும் உங்கள் பதிவு போய்ச் சேர்வதில்லை. எந்தக் காலத்திலும் அப்படிச் சேர்ந்ததில்லை. 2012-ஆம் ஆண்டிலேயே, ஒரு பக்கத்தின் பதிவு சராசரியாக அதைப் பின்தொடர்வோரில் 16 விழுக்காட்டினரைத்தான் அடைகிறது என்று முகநூல் கூறியது. 2014-இல் அதன் விளம்பரப் பிரிவு அதிகாரி பிரையன் போலண்ட் காரணத்தை விளக்கினார். ஒருவர் முகநூலைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அவருக்குக் காட்டக்கூடிய பதிவுகள் சராசரியாக 1,500 இருக்கின்றனவாம். நண்பர்களும் பிடித்த பக்கங்களும் மிகுந்தவர்களுக்கு 15,000 வரை. அவற்றிலிருந்து ஏறத்தாழ 300 மட்டுமே பொறுக்கி எடுத்துக் காட்டப்படுகின்றன. பிறகு 2018 சனவரியில் மார்க் சக்கர்பெர்க், நிறுவனங்களின் பதிவுகளைவிடக் குடும்பத்தார், நண்பர்கள் ஆகியோரின் பதிவுகளுக்கே முன்னிடம் தரப்போவதாக அறிவித்தார். வணிகப் பக்கங்களின் இலவச ரீச் மேலும் சுருங்கியது. ஆகவே 90 பேர் பார்த்தது உங்கள் கேக்கின் குறையும் அல்ல, உங்கள் உழைப்பின் குறையும் அல்ல. இடம் ஒதுக்குபவர் மாற்றிவைத்த விதி அது. அந்த இடத்தையே விலைக்கு விற்பவரும் அவர்தான் என்பதை மறக்க வேண்டாம்.

இனி 'எங்கேஜ்மென்ட்', அதாவது ஈடுபாடு. அறிவிப்புப் பலகையின் முன் நின்று படித்தவர், பக்கத்தில் நின்றவரிடம் "இது என்னக்கா?" என்று கேட்டவர், தாளில் குறித்துக்கொண்டு போனவர், இவர்களைப் போன்றோர் ஈடுபாட்டுக் கணக்கில் வருவார்கள். லைக் முதலான உணர்ச்சிக் குறிகள், கமெண்ட், ஷேர், இணைப்பைத் தட்டுவது ஆகியவை இதில் சேரும். சில கணக்குகளில் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதும் சேரும்.

இந்த எண்ணைத் தனியாகப் பார்ப்பதால் பயன் குறைவு. ரீச்சோடு வகுத்துப் பார்க்க வேண்டும். 2,400 பேரை அடைந்த பதிவில் 96 ஈடுபாடுகள் என்றால் 4 விழுக்காடு. 210 பேரை மட்டுமே அடைந்த இன்னொரு பதிவில் 42 என்றால் 20 விழுக்காடு. முதல் பதிவுதான் 'நன்றாகப் போனது' என்று தோன்றும். ஆனால் பார்த்தவர்களைத் தொட்டது இரண்டாவது பதிவு. அதில் என்ன இருந்தது, எந்த நாளில் போட்டோம், யார் பகிர்ந்தார்கள் என்று ஆராய்வது பயன் தரும். ஒரே ஒரு பதிவை வைத்து முடிவுக்கு வந்துவிடவும் கூடாது. 200 பேர் அளவில் நாலைந்து உறவினர்கள் ஒன்றாகத் தட்டினாலே விழுக்காடு ஏறிவிடும். பத்துப் பதினைந்து பதிவுகளாவது சேரட்டும்.

ஈடுபாடு என்றால் பாராட்டு என்று நினைத்துவிடவும் வேண்டாம். "கேக் வந்து சேரவேயில்லை" என்று ஒருவர் கோபமாக எழுதினாலும் அது ஒரு கமெண்ட், எண்ணில் ஒன்று கூடும். 2017 முதல் முகநூலின் உள்கணக்கில், கோபக் குறி உட்பட உணர்ச்சிக் குறிகள் ஒவ்வொன்றும் சாதாரண லைக்கைப்போல் ஐந்து மடங்கு மதிப்புப் பெற்றன என்பது 2021-இல் வெளியான உள் ஆவணங்களால் தெரியவந்தது. கோபக் குறியின் மதிப்பை அவர்கள் பூச்சியமாக்கியது 2020-இல்தான். ஆகவே எண்ணைப் பார்ப்பதோடு நில்லாமல், கமெண்டுகளைத் திறந்து ஒவ்வொன்றையும் படியுங்கள். சிறிய பக்கம் வைத்திருப்பவர்களுக்கு உள்ள பெரிய வசதி இது. பெரிய நிறுவனங்களால் அப்படிப் படிக்க முடியாது.

இங்கே நம்மவர்களுக்கென்று ஒரு வார்த்தை. புனிதர் படத்தைப் போட்டு, "ஆமென் என்று தட்டச்சு செய்யுங்கள், பத்துப் பேருக்குப் பகிருங்கள்" என்று கேட்கும் பதிவுகளை எல்லாரும் பார்த்திருப்போம். ஈடுபாட்டு எண்ணை ஏற்றுவதற்காகச் சிலர் தங்கள் தொழில் பக்கத்திலும் இதைச் செய்கிறார்கள். பக்தியை வியாபாரத் தூண்டிலாக்குவது சரியா என்ற கேள்வியை வாசகரின் மனச்சான்றுக்கே விட்டுவிடுவோம். தொழில் கணக்கிலும் அது நட்டமே. லைக் செய், ஷேர் செய், பெயரைக் குறிப்பிடு என்று கெஞ்சும் பதிவுகளைக் கீழே தள்ளப்போவதாக முகநூல் 2017 டிசம்பரில் அறிவித்தது. அப்படி 'ஆமென்' போட்ட 500 பேரில் உங்களிடம் ஊறுகாய் வாங்க நினைப்பவர் எத்தனை பேர்?

காணொளி எண்களில் கூடுதல் கவனம் தேவை. முகநூலில் 3 நொடி ஓடினாலே 'பார்த்தவர்' கணக்கில் சேர்ந்துவிடும் ஓர் எண் நெடுங்காலம் இருந்து வருகிறது. யூடியூப் ஷார்ட்ஸில் 2025 மார்ச் 31 முதல், ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ. எனவே வியூ எண்ணைவிட, சராசரியாக எத்தனை நொடி பார்த்தார்கள் என்ற எண்ணே மேல். அதிலும் ஒரு கதை உண்டு. சராசரி பார்வை நேரத்தைக் கணக்கிடும்போது, 3 நொடிக்குள் விலகிப் போனவர்களை வகுக்கும் எண்ணிலிருந்து விட்டுவிட்டதாக 2016 செப்டம்பரில் முகநூல் ஒப்புக்கொண்டது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அந்தச் சராசரி உண்மையைவிட அதிகமாகக் காட்டப்பட்டது. விளம்பரதாரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். தவற்றை ஏற்காமலேயே 4 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொள்ள 2019-இல் முகநூல் உடன்பட்டது. உலகின் பெரும் நிறுவனங்களே இந்த எண்களை நம்பிப் பணம் போட்டிருந்தன என்றால், நம் சகோதரிகள் ஏமாந்தார்கள் என்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

'பூஸ்ட்' செய்வது பற்றியும் கேட்கிறார்கள். செய்யவே கூடாது என்று சொல்லமாட்டேன். ஆனால் முன்னதாகக் கணக்குப் போடுங்கள். ஓர் எடுத்துக்காட்டு. 500 ரூபாய் கொடுத்தீர்கள், 8,000 பேரை அடைந்தது, 240 ஈடுபாடு, 6 பேர் செய்தி அனுப்பினார்கள், ஒருவர் 700 ரூபாய்க்கு ஒரு கேக் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். பொருள் செலவு போக அந்தக் கேக்கில் உங்களுக்கு நின்றது 250 என்றால், 8,000 என்ற எண்ணுக்காக 250 ரூபாய் இழந்திருக்கிறீர்கள். அதே ஆள் திருமுழுக்குக்கும் கிறிஸ்மஸுக்கும் மீண்டும் வந்தால் கணக்கு மாறும். அது மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும்.

பூஸ்ட் செய்யும்போது இரண்டு இடங்களில் அவசரப்படாதீர்கள். ஒன்று, நோக்கம். ஈடுபாடு வேண்டும் என்று தேர்ந்தெடுத்தால், எதைக் கண்டாலும் லைக் போடும் பழக்கமுள்ளவர்களைத் தேடிப்போய்க் காட்டும். செய்தி அனுப்புவது நோக்கம் என்றால், செய்தி அனுப்பக்கூடியவர்களைத் தேடும். இரண்டாவது, ஊர். தூத்துக்குடியில் கேக் செய்து பத்துக் கிலோமீட்டருக்குள் கொண்டுபோய்க் கொடுப்பவருக்கு, தமிழ்நாடு முழுவதும் காட்டி என்ன பயன்? (வளைகுடா நாடுகளில் இருப்பவர்கள் மட்டும் விதிவிலக்கு. அம்மாவின் பிறந்தநாளுக்கு அங்கிருந்தே கேக் சொல்லி அனுப்பும் பிள்ளைகள் நம்மிடையே பலர்.) சில நூறு ரூபாய்க்கு ஆயிரம் ஃபாலோயர் தருகிறோம் என்று வருபவர்களிடம் மட்டும் போகவே வேண்டாம். வருவது பெரும்பாலும் போலிக் கணக்குகள். அவர்கள் எதையும் வாங்கவும் மாட்டார்கள், எதற்கும் ஈடுபாடு காட்டவும் மாட்டார்கள். "இந்தப் பக்கத்தைத் தொடர்பவர்களுக்கே இதில் அக்கறை இல்லை" என்று முகநூல் எடுத்துக்கொள்ள அதுவே காரணமாகலாம்.

முகநூல் எண்ணாத ஒரு கூட்டமும் உண்டு. லைக் போடத் தயங்கும் பெரியவர்கள், படத்தைப் பார்த்துவிட்டு மகளிடம் காட்டி "இவங்ககிட்ட கேளு" என்பவர்கள், முகநூலில் பார்த்து வாட்ஸ்அப்பில் எழுதுபவர்கள், நேரே வீட்டுக்கே வந்து கதவைத் தட்டுபவர்கள். சிறுதொழிலுக்கு உண்மையான வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் இவர்களே. இவர்களை எண்ண நீங்கள்தான் ஒரு நோட்டு வைக்க வேண்டும். ஆர்டர் கொடுக்கும் ஒவ்வொருவரிடமும் "எங்கே பார்த்தீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டு, தேதி, தொகை, பார்த்த இடம் என்று மூன்று கட்டத்தில் எழுதுங்கள். மாதக் கடைசியில் அந்த மாதத்து ரீச், ஈடுபாடு இரண்டையும் அதே பக்கத்தில் குறியுங்கள். டிசம்பரில் ஏறும், சனவரியில் இறங்கும். அதைக் கண்டு பயப்படாமல், போன ஆண்டு சனவரியோடு ஒப்பிடுங்கள். பக்கத்து வீட்டாரின் பக்கத்தோடு ஒப்பிட வேண்டாம், அவர் எத்தனை ரூபாய் பூஸ்ட் செய்தார் என்பது உங்களுக்குத் தெரியாது. ஓர் ஆண்டு நோட்டு கையில் இருந்தால், ரீச் பாதியாகக் குறைந்த மாதத்திலும் ஆர்டர் குறைந்ததா இல்லையா என்பதை யாரிடமும் கேட்காமல் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.