ஆட்டுக்குட்டிக்கு மழைக்காலக் கவனிப்பு

குழந்தைகளே! உங்கள் வீட்டில் ஆடு வளர்க்கிறீர்களா? பனி பெய்யும் நாடுகளில் ஆட்டுக்குக் குளிர்தான் பகை. நம் தூத்துக்குடிப் பக்கம் ஈரம்தான் பகை.

நம் மாவட்டத்து வேம்பூர் ஆட்டைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை உடலில் செம்பழுப்புத் திட்டுகள் இருக்கும். செம்மறிதான், ஆனால் கம்பளி கிடையாது. குட்டை முடிதான். எனவே மழையில் சீக்கிரம் நனைந்துவிடும்.

கொட்டில் மேடான இடத்தில் இருக்கட்டும். ஈரத்தரையில் நின்றால் குளம்பு அழுகும்.

காலையில் புல்லின் ஈரம் காய்ந்தபிறகே மேய விடுங்கள். ஈரப் புல்லில் குடற்புழுவின் இளம்புழுக்கள் ஏறியிருக்கும்.

மழைக்குப்பின் துளிர்க்கும் இளம்புல்லை வயிறு முட்டத் தின்றால் துள்ளுமாரி நோய் வரலாம். வந்தால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். மழைக்காலத்துக்கு முன்பே தடுப்பூசி போடச் சொல்லி அப்பாவுக்கு நினைவூட்டுங்கள்.

காய்ச்சல், வாய்ப்புண், மூக்கில் சளி இருந்தால் நீலநாக்கு நோயாக இருக்கலாம். சிறு பூச்சிகள் கடித்துப் பரப்பும் நோய் இது. உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது! வெள்ளத்தில் ஏராளமான கால்நடைகள் இறந்தன. கட்டிப்போட்ட ஆட்டால் ஓடித் தப்பிக்க முடியாது. ஆகவே, கனமழை எச்சரிக்கை வந்ததுமே பெரியவர்களிடம் சொல்லி ஆட்டை மேட்டுக்குக் கொண்டு போகச் செய்யுங்கள். வாயில்லா ஜீவனுக்கு நீங்கள்தானே வாய்!